மரிலூவின் மகன் ஆடிய பதினான்கு ஆட்டங்கள்

முகம்மது ஆசிப் திண்டிவனத்தில் பிறந்தது ஒரு தற்செயல். அவனுடைய அத்தா இப்ராஹிம் ஷா குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவர். அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மரிலூ என்று ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தாள். தட்டில் சோற்றைக் குறைத்து வைத்துவிட்டார் என்று அவரிடம் சண்டைக்கு வந்தவள், ஒன்றரை வருடத்தில் மதம் மாறி அவரையே நிக்காஹ் செய்துகொண்டாள். தலைப்பிள்ளை தன் ஊரான கோட்டக்குப்பத்தில்தான் பிறக்க வேண்டும் என்று இப்ராஹிம் ஷா அவளை அழைத்துக்கொண்டு விமானம் ஏறினார். மீனம்பாக்கத்தில் இறங்கி, பாண்டிச்சேரி பஸ் பிடித்து, அச்சிறுப்பாக்கம் தாண்டும்போது மரிலூவுக்கு வலி எடுத்துவிட்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. கண்டக்டர் திண்டிவனத்தில் ஒரு நர்சிங் ஹோம் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி, அவர்களுடைய இரண்டு பெட்டிகளையும் தானே இறக்கி வைத்தார்.

பிறப்பைப் பதிய வந்தவர்கள் தாயின் பெயரைக் கேட்டபோது இப்ராஹிம் ஷா 'மரியம் பீவி' என்று சொன்னார். மதம் மாறியபோது வைத்த பெயர் அது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் மரிலூ இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். ஆனாலும் அதுதான் சான்றிதழில் ஏறியது. அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு அலைய வைக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இப்ராஹிம் ஷா இரண்டு மாதத்தில் குவைத்துக்குத் திரும்பிவிட்டார். மரியம் கோட்டக்குப்பத்திலேயே தங்கிவிட்டாள். மீன் வாங்கப் போய்ப் போய்த் தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுடைய தமிழில் பேரம் பேசுகிற தோரணை கடைசி வரைக்கும் போகவில்லை. ஆசிப் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளை வெளியூர்க்காரி என்று யாரும் பேச்சில் கண்டுபிடிக்க முடியாது. முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். அவளுடைய கண்ணும் மூக்கும் அப்படியே ஆசிப்புக்கு வந்திருந்தன. வகுப்பில் அவனுக்கு 'சைனா' என்று பெயர்.

அதில் அவனுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் தனக்குள் பாதியாக இருக்கிற அந்த இன்னொரு ஊர் எப்படி இருக்கும் என்ற கேள்வி ஓயாமல் இருந்தது. பள்ளிக்கூட வரைபடத்தில் தேடிப் பார்த்தான். கடலில் பொரியை வாரி இறைத்த மாதிரி தீவுகள். "இதுல உன் ஊரு எதும்மா?" என்று கேட்டால் அவள் குனிந்து பார்த்து, நீக்ரோஸ் என்ற தீவின் மேல் விரலை வைப்பாள். "அங்க இன்னா இருக்கும்?" என்றால், "கரும்பு. மழை. அப்பால புயலு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

அவளுடைய மொழியில் அவனுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அவள் அவனை 'தோத்தோ' என்று கூப்பிடுவாள். கடற்கரைப் பக்கம் டென்னிஸ் பந்தில் ஆடும் இடத்துக்கு வந்து, சாப்பாட்டு நேரத்தில் அவள் "தோத்தோ, தோத்தோ" என்று குரல் கொடுத்தால் அவனுடைய அணிப் பையன்கள் நொந்துபோவார்கள். "ஆட்டம் முடியறதுக்கு முன்னாலயே உங்கம்மா தோத்தோம் தோத்தோம்னு சொல்லிக்கினு வருதுடா. நாம எப்படி ஜெயிக்கிறது?" என்பான் ஒருவன். ஆசிப் மட்டையைக் கீழே போடமாட்டான். அவுட் ஆகிற வரைக்கும் வீட்டுக்குப் போகமாட்டான். அவுட் ஆவதும் அபூர்வம்.

அவனுடைய ஆட்டம் அப்போதே அப்படித்தான். பந்தை ஓங்கி அடிக்கத் தெரியாது. கடைசி நொடி வரை பார்த்துவிட்டு இடைவெளியில் தட்டிவிட்டு ஓடுவான். பார்க்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கும், பந்து போடுகிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

பதினாறு வயதில் விழுப்புரம் மாவட்ட அணித் தேர்வுக்குப் போனான். மழை பெய்து ஓய்ந்த காலை. பிட்ச் மேல் போட்டிருந்த விரிப்பு நனைந்து கிடந்தது. பந்து விரிப்பில் பட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அடிக்கப் போன பையன்கள் எல்லோரும் கேட்ச் கொடுத்துவிட்டு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஆசிப் மூன்று மணி நேரம் நின்று ஐம்பத்தெட்டு எடுத்தான். எதிர்முனையில் அவனோடு நின்றவன் முகையூர்க்காரன். பெயர் அறிவுச்செல்வன். கூலி வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து வந்தவன். காலில் இரவல் ஷூ, அதுவும் ஒரு சைஸ் பெரியது.

"நீ எந்த ஊருப்பா?"

"கோட்டக்குப்பம்."

"மூஞ்சி அப்படித் தெரியலயே."

"அம்மா பிலிப்பைன்ஸ்."

அறிவுச்செல்வன் ஷூ லேஸை இறுக்கிக்கொண்டே கேட்டான். "அங்கல்லாம் இந்த மாதிரி நின்னுக்கினேதான் ஆடுவாங்களா?"

"அங்க கிரிக்கெட்டே கெடயாது."

"அப்ப இத்த யார்கிட்ட கத்துக்கின?" என்று கேட்டான் அறிவுச்செல்வன். ஆசிப் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு தன் முனைக்குத் திரும்பினான். அன்றைக்கு இருவருமே தேர்வானார்கள். பஸ் வரும் வரை ஒரே பொட்டலத்திலிருந்து வேகவைத்த மல்லாட்டையை உரித்து உரித்துக் கடலை தின்றார்கள். நட்பு அங்கேயே பிடித்துக்கொண்டது.

மாவட்ட அணிக்குப் பிறகு சென்னை லீக். மூன்றாம் டிவிஷனில் ஒரு கிளப், பிறகு இரண்டாம் டிவிஷனில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் அணி. கம்பெனியில் பெயருக்கு ஒரு கிளார்க் வேலை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கிட்பேக்கோடு பஸ் ஏறுவான். ஒவ்வொரு சீசனும் ரன் எடுத்தான். ஆனால் அதற்குள் ஆட்டத்தின் காற்று வேறு பக்கம் அடிக்க ஆரம்பித்திருந்தது. இருபது ஓவர் போட்டிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் சிக்ஸர் கணக்கைப் பார்த்தார்கள். அவன் ஒரு சீசனில் நான்கு சிக்ஸர் அடித்தால் அதிகம். தேர்வாளர் ஒருவர் நேராகவே சொன்னார். "தம்பி, நீ நல்லா ஆடறே. ஆனா இருபது வருஷம் லேட்டாப் பொறந்துட்டே."

ஐந்து வாரம் முன்னால் பிறந்தவன் என்றுதான் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறான். திரும்பி வரும் பஸ்ஸில் அதை நினைத்துத் தனியாகச் சிரித்தான்.

இருபத்தி நான்கு வயதில் ஷமீமைக் கல்யாணம் செய்துகொண்டான். கடலூரில் பி.காம். படித்தவள். அடுத்த வருடம் ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கம்பெனி, கிரிக்கெட் ஆடுவான் என்பதற்காகவே அவனுக்கு வேலை கொடுத்தது. பகலில் கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை, வாரக் கடைசியில் கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் போட்டி. ஒரு கேரளத்துக்காரர், மூன்று பாகிஸ்தானிகள், ஒரு நேபாளி என்று அணி கலவையாக இருந்தது. அங்கே யாரும் யார் முகத்தையும் பார்த்து எந்த ஊர் என்று கேட்கவில்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

கேட்டது ரோடெல் மட்டும்தான். நான்கு வருடம் கழித்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வந்த பிலிப்பைன்ஸ்காரர். ஆசிப்பைப் பார்த்து முதல் நாளே தன் மொழியில் ஏதோ சொன்னார். ஆசிப் விழித்தான். விவரம் சொன்னதும் ரோடெல் வண்டியின் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டார். அம்மா எந்தத் தீவு, எந்த ஊர், குடும்பப் பெயர் என்ன என்று அடுக்கடுக்காகக் கேட்டார். தீவு தெரிந்தது. ஊர் தெரிந்தது. குடும்பப் பெயர் ஆசிப்புக்குத் தெரியவில்லை. முப்பது வயதை நெருங்கும் ஒருவனுக்குத் தன் தாயின் குடும்பப் பெயர் தெரியாது என்பதை ரோடெலால் நம்ப முடியவில்லை. சொல்லும்போது ஆசிப்புக்கே வெட்கமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் போன் போட்டுக் கேட்டான்.

"எதுக்கு இப்ப?" என்றாள் மரியம்.

"சும்மாதான். தெரிஞ்சிக்கலாம்னு."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். மரிலூ வில்யனுவேவா.

ரோடெல் இரண்டு காரியம் செய்தார். அந்த ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றில் மரிலூவின் பெயரைப் போட்டு, உறவினர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். மறுநாளே டெல்மா என்ற பெண், அவள் என் அக்கா என்று பதில் எழுதினாள். இன்னொன்றை விளையாட்டாகச் செய்தார். பிலிப்பைன்ஸ் கிரிக்கெட் அணி என்று ஒன்று இருப்பதைப் போனில் தேடிக் கண்டுபிடித்து, என்னோடு வேலை செய்கிறவன் நன்றாக மட்டை பிடிப்பான், அவனுடைய தாய் நம் நாட்டவள் என்று எழுதிப் போட்டுவிட்டார். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது. ஓவர் என்றால் ஆட்டம் முடிந்துவிட்டது என்றே அதுவரை நினைத்திருந்தார்.

அணி மேனேஜரிடமிருந்து மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஷார்ஜா ஸ்கோர்களை இணையத்தில் பார்த்தாராம். 'அடிக்கிறவர்கள் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள். நிற்பதற்குத்தான் ஆள் இல்லை. உங்களிடம் எங்கள் பாஸ்போர்ட் இருக்கிறதா?' என்று எழுதியிருந்தார். ஆசிப் அதை நான்கு தடவை படித்தான்.

லீவு போட்டு, ஷமீமும் சின்ன மகளும் இருந்த ஊருக்கு வந்தான். வந்த இரண்டாம் நாள் டெல்மா வீடியோவில் அழைத்தாள். மரியம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் அவளைப் போலவே ஒரு முகம், ஆனால் தலை முழுக்க நரைத்திருந்தது. டெல்மா அழுதுகொண்டே ஏதோ கேட்டாள். மரியம் வாயைத் திறந்தாள். அந்த மொழி வரவில்லை. "ஆமா... இல்ல, இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டெல்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியம் "சிக்னல் இல்ல" என்று சொல்லி போனை அணைத்துவிட்டாள். சிக்னல் நன்றாகவே இருந்தது.

ஆசிப் பக்கத்திலேயே இருந்தான். அவள் அழவில்லை. அடுப்படிக்குப் போய் மீனைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய மீனையே மறுபடியும் கழுவினாள். அரை மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்த நம்பரப் போடு" என்றாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். நடுவில் தமிழ் நுழைந்தது. டெல்மா சிரித்தாள், இவளும் சிரித்தாள். பத்து நிமிடத்தில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ ஆரம்பித்தன. குரல் ஏறியது, கை ஆடியது. இத்தனை வருடத்தில் ஆசிப் தன் தாய் அவ்வளவு வேகமாகப் பேசிக் கேட்டதில்லை. தெரியாத யாரோ ஒரு பெண் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவில் டெல்மா அவனைப் பார்த்து "தோத்தோ" என்றாள். அவனுக்குத் தூக்கிப்போட்டது. "அவங்களுக்கு எப்படிம்மா தெரியும் என் பேரு?"

"அது பேரு இல்லடா. அங்க எல்லா ஆம்பளப் புள்ளையும் தோத்தோதான்" என்றாள் மரியம்.

பாஸ்போர்ட் வேலை ஒன்றேகால் வருடம் இழுத்தது, ஷார்ஜா வேலையும் அதில் போயிற்று. ஆசிப் பிறந்த அன்றைக்கு அவன் தாய் பிலிப்பைன்ஸ் குடிமகளாக இருந்தாள் என்றால் அவனும் அந்த நாட்டுக் குடிமகன்தான். மரியம் இந்தியக் குடியுரிமை வாங்கியது அதற்குப் பல வருடம் கழித்து, விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வழியாக. ஆகவே சட்டம் அவன் பக்கம் இருந்தது. காகிதம்தான் இல்லை. அந்த ஊரில் டெல்மா எடுத்து அனுப்பிய பிறப்புப் பத்திரம் மரிலூ வில்யனுவேவா என்றது. திண்டிவனம் சான்றிதழ் மரியம் பீவி என்றது. இரண்டும் ஒருத்திதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டிருந்த இப்ராஹிம் ஷா தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். குவைத் நிக்காஹ் பத்திரம், அரபியில் எழுதியது, ஒரு சமையல் துண்டுக்குள் சுற்றி இருந்தது. மரிலூ என்கிற மரியம் என்று இரண்டு பெயரும் அதில் சேர்ந்தே இருந்தன. மதரஸாவில் அரபி சொல்லிக் கொடுக்கும் ஹஜ்ரத் வாசித்துச் சொன்னபோது இப்ராஹிம் ஷா, தான் பொய் சொல்லவில்லை என்று நிரூபணமான மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முறையாக மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை வாங்கி, தாயும் மகனும் டெல்லியில் இருக்கும் பிலிப்பைன்ஸ் தூதரகத்துக்கு ரயிலேறினார்கள்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. இந்தியாவில் இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள முடியாது. அதை வாங்கினால் இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு வம்சாவளி அட்டை ஒன்று கொடுப்பார்கள், அதை வைத்துக்கொண்டு இங்கேயே இருக்கலாம். கோட்டக்குப்பத்துக்கு இது புதிய விஷயம் இல்லை. பாண்டிச்சேரியை ஒட்டிய ஊர் என்பதால் தெருவுக்கு இரண்டு வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது.

"பிரெஞ்சு வாங்கினவனுக்குப் பென்ஷன் வருது, புள்ளைங்க பாரிஸ் போவுது. இத்த வாங்கினா இன்னாடா வரும்?" என்றார் இப்ராஹிம் ஷா.

"புயல் வரும்" என்றாள் மரியம்.

மறுநாள் ஷமீம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அந்த டீமுல எத்தினி மேட்ச் ஆடுவீங்க?"

"தெரியாது. ஒண்ணாவும் இருக்கலாம்."

"நீங்க எதுக்குப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஆட்டத்துக்கா, அம்மா ஊரப் பாக்கவா? ஊரப் பாக்கணும்னா விசா எடுத்தாப் போதுமே."

ஆசிப் யோசித்துத்தான் பதில் சொன்னான். "ஊரப் பாக்கணும்னு சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. ஆனா அதுக்காக இல்ல. இத்தினி வருஷம் ஆடியிருக்கேன் ஷமீம். எந்த டீமும் என்னைத் தேடி வந்தது கெடயாது. நான்தான் போய்ப் போய் நின்னுக்கினு இருந்தேன். இவங்க வான்னு கூப்புடறாங்க."

அவள் கடைசிச் சட்டையை மடித்து வைத்தாள். "அப்ப போங்க. நம்ம பொண்ணுக்கு மட்டும் இந்தியப் பாஸ்போர்ட்டே இருக்கட்டும்."

முப்பத்தோரு வயதில், மலேசியாவில் நடந்த ஒரு தகுதிச் சுற்றுப் போட்டியில், ஆசிப் முதல்முறையாகப் பிலிப்பைன்ஸ் அணியின் நீலச் சட்டை போட்டான். அணியில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர்கள். தாய் பிலிப்பைன்ஸ், தகப்பன் வெள்ளைக்காரர். அவர்களிடம் பேசிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அவர்களிலும் பலருக்குத் தாயின் மொழி தெரியாது. தேசிய கீதத்தை எல்லோரும் போனைப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். ஆசிப் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். சொல்லிக் கொடுத்தது மரியம். பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பாடிய பாட்டு, ஒரு வரி கூட மறக்கவில்லை. அவள் கறி நறுக்கிக்கொண்டே போனில் பாடினாள், இவன் எழுதிக்கொண்டான்.

முதல் ஆட்டம் மழையில் போயிற்று. இரண்டாவதில் ஏழு ரன். மூன்றாவது ஆட்டம் இந்தோனேசியாவோடு. நூற்று நான்கு எடுத்தால் வெற்றி. பெரிய இலக்கு இல்லை. ஆனால் இரண்டு நாள் பெய்த மழையில் பிட்ச் ஊறியிருந்தது. பந்து தரையில் பட்டு யோசித்துவிட்டு வந்தது. அடிக்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கி அடித்துத் திரும்பினார்கள். முப்பத்தெட்டுக்கு ஐந்து விக்கெட்.

ஆசிப்புக்கு விழுப்புரத்து நனைந்த விரிப்பு நினைவுக்கு வந்தது. இது அவனுக்குத் தெரிந்த பந்து. காத்திருந்தான். தட்டினான். ஓடினான். எதிர்முனைக்கு வந்த ஜேக் என்ற இருபது வயதுப் பையன் ஒவ்வொரு பந்துக்கும் துடித்தான். ஆசிப் தன்னை அறியாமல் அவனிடம் தமிழில் "இரு, இரு" என்று கத்தினான். ரன்னுக்கு "வா" என்றான். இரண்டு ஓவரில் ஜேக்குக்குப் பழகிவிட்டது. அவனும் "வா" என்று கத்தினான். "இரு" என்பது மட்டும் அவன் வாயில் 'இறூ' என்று வந்தது. ஒன்று, இரண்டு, ஒன்று என்று ஸ்கோர் நகர்ந்தது. கடைசி ஓவரில் ஐந்து வேண்டும். நான்காவது பந்தை ஆசிப் பாயிண்ட் பக்கம் மெதுவாக வெட்டிவிட்டு இரண்டு ஓடினான். முடிந்தது. நாற்பத்தாறு பந்தில் முப்பத்தொன்பது, ஒரே ஒரு பவுண்டரி.

அன்றைக்கு முகையூரிலிருந்து அறிவுச்செல்வன் போன் செய்தான். இணையத்தில் முழு ஆட்டமும் பார்த்திருந்தான். "நீ அடிச்ச முப்பத்தொம்பதப் பாத்துக்கினு இருந்ததுல எனக்கு மாடு கறக்கற நேரமே போயிடுச்சு. உன்னால அடிக்கவே முடியாதாடா?"

"முடியாது" என்றான் ஆசிப். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

அடுத்த வருடம் மணிலாவில் பயிற்சி முகாம். மரியத்தையும் அழைத்துக்கொண்டு போனான். அவளுக்கு விசா எடுக்க வேண்டியிருந்தது, அவனுக்குத் தேவைப்படவில்லை. விமான நிலையத்தில் உள்நாட்டுக் குடிமக்கள் வரிசைக்கு அவனை அனுப்பினார்கள். அவளை வெளிநாட்டவர் வரிசைக்குத் திருப்பிவிட்டார்கள். அவன் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவள் ஏதோ சொன்னாள். அதிகாரி எழுந்து நின்று முத்திரை குத்திக் கொடுத்தார். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டதற்கு, "தங்கச்சியப் பாக்க வந்தேன்னு எங்க பாஷையில சொன்னேன். வேற இன்னா சொல்லுவாங்க" என்றாள்.

நீக்ரோஸ் தீவில் இறங்கி டெல்மாவின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கரும்பு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பஸ்ஸில் போகிற மாதிரியே இருந்தது, மண் மட்டும் கறுப்பு. ஆசிப் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது டெல்மா, கிரிக்கெட் என்றால் என்ன என்று கேட்டாள். அவன் கையால் செய்து காட்டினான். டெல்மா உடனே எழுந்து போய் ஒரு போட்டோவைக் கொண்டுவந்தாள். பள்ளிச் சீருடையில் பன்னிரண்டு பெண்கள். முன்வரிசையில் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றவள் மரிலூ. சாஃப்ட்பால் அணி.

ஆசிப் போட்டோவை வாங்கி நெடுநேரம் பார்த்தான். இத்த யார்கிட்ட கத்துக்கின என்று முகையூர்க்காரன் கேட்ட பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது போல இருந்தது. "அம்மா நல்லா ஆடுவாங்களா?" என்று கேட்கச் சொன்னான்.

மரியம் கேட்டாள். டெல்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மரிலூவின் மட்டையில் ஒருநாளும் பந்து பட்டதே இல்லையாம். ஆனால் எறிவாளாம். மைதானத்தின் எந்த மூலையிலிருந்து எறிந்தாலும் கையுறைக்குள் போய் விழுமாம். அதற்காகத்தான் அணியில் வைத்திருந்தார்களாம்.

கோட்டக்குப்பத்து மாடியில் மீன் காயும்போது காக்கையை அவள் செருப்பால் அடிப்பது ஆசிப்புக்கு ஞாபகம் வந்தது. ஒருதடவை கூடத் தவறியதில்லை.

"ஏம்மா இத்தச் சொல்லவேயில்ல?"

"நீ கேக்கல. கேட்டா மட்டும் இன்னா? அது வேற ஆட்டம்னு சொல்லியிருப்பே" என்றாள் மரியம். கொஞ்சம் கழித்து, "நீ ஆடறதப் பாக்க வரப்பல்லாம் எனக்கு ஒண்ணுதான் புரியாது. பந்து பட்டும் ஏன் ஓடாம நிக்கிறேன்னு. எங்க ஆட்டத்துல பட்டா ஓடியே ஆவணும்" என்றாள்.

சாயங்காலம் பள்ளி மைதானத்தில் டெல்மாவின் பேத்திகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மரியம் செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பந்தை வாங்கி எறிந்தாள். முதல் பந்து எங்கேயோ போயிற்று. மூன்றாவது பந்து நேராகப் போய் விழுந்தது. தோள்பட்டை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வலித்தது.

ஆசிப் மொத்தம் பதினான்கு ஆட்டங்கள் ஆடினான். இருநூற்று ஐம்பத்தொரு ரன். அரைசதம் ஒன்றும் இல்லை, நாற்பத்தேழுதான் அதிகம். அடுத்த சுற்றுக்கு ஆள் எடுக்கும்போது சிட்னியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இருவரும் நின்ற இடத்திலிருந்தே சிக்ஸர் அடிப்பவர்கள். மேனேஜர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். ஆசிப்புக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் ஷமீம், "இன்னும் எத்தினி நாளைக்கு இப்படி?" என்றாள். அன்றைக்குக் கிளம்பி முகையூருக்குப் போய் அறிவுச்செல்வனைப் பார்த்தான்.

இப்போது கூட்டேரிப்பட்டில், நெடுஞ்சாலையை ஒட்டி, மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இருவரும் பயிற்சி வலை கட்டியிருக்கிறார்கள். இரண்டு சிமென்ட் பிட்ச், ஒரு விரிப்புப் பிட்ச். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரன் விவசாய நிலம் வாங்க முடியாது என்று யாரோ சொன்னதால், குத்தகைக் காகிதமும் அறிவுச்செல்வன் பெயரிலேயே இருக்கிறது. காலை ஆறு மணிக்குத் திண்டிவனத்திலிருந்து பேங்க் ஆபீசர்களும், மயிலம் பக்கத்துக் கல்லூரி வாத்தியார்களும் வருவார்கள். எல்லோருக்கும் சிக்ஸர் அடிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. அதற்கு அறிவுச்செல்வன் இருக்கிறான். சுழல்பந்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களை ஆசிப் பார்த்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரம் லீக்கில் இன்னும் ஆடுகிறான். போன வாரம் இருபத்திரண்டு.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால் டெல்மாவின் போன் வரும். அக்காவும் தங்கையும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆசிப் பக்கத்தில் ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்து, காதில் விழுகிற வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வான். முந்நூறு வார்த்தைக்கு மேல் சேர்ந்துவிட்டது. மூன்றில் ஒன்று புரிகிறது. போன வெள்ளிக்கிழமை டெல்மா ஏதோ சொல்ல, மரியம் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அதில் ஒரு வார்த்தை கூட அவன் நோட்டில் இல்லை.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"அது தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதுடா."

"பரவால்ல, சொல்லு" என்று ஆசிப் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான்.